டிசபிலிட்டி பென்ஷன்: ஏமாறாமலும் ஏமாற்றாமலும் கோருவது எப்படி?

போன மழைக்காலத்தில் ராணுவத்தில் நாயக் ரேங்க்கில் ஓய்வுபெற்ற ஒருவர் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். பாலிதீன் கவருக்குள் இன்னொரு கவர், அதற்குள் நான்காக மடித்த முத்திரைத்தாள். டிசபிலிட்டி பென்ஷனின் பழைய பாக்கி, அதாவது அரியர், வந்ததும் அதில் 30 சதவீதம், அப்புறம் இரண்டு வருடத்துக்கு மாதாமாதம் கூடுதலாக வரும் தொகையில் பாதி, இரண்டையும் ‘ஆலோசகருக்கு’க் கொடுப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். கூடவே தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட மூன்று செக். கேண்டீன் வரிசையில் பேச்சுக் கொடுத்துப் பழக்கமான ஆளாம். “எல்லாரும் இப்படித்தான் சார் கொடுக்கிறாங்க” என்றார்.

எனக்கு அந்த முத்திரைத்தாளைவிட, கூட இருந்த ஜெராக்ஸ்தான் உறுத்தியது. அது அவருடைய ரிலீஸ் மெடிக்கல் போர்டு அறிக்கை, ஓய்வு பெறும்போது ராணுவ டாக்டர்கள் சோதித்து எழுதுவது. முழங்கால் காயத்துக்குச் சதவீதம் எழுதும் கட்டத்தில் எண் 30 என்று இருந்தது. அதை ஒட்டியே எழுத்தில் ‘பதினைந்து முதல் பத்தொன்பது’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. திருத்திய ஆள் எண்ணை மாற்றிவிட்டு எழுத்தை மறந்துவிட்டான். நாயக்குக்கு இது எதுவும் தெரியாது. தன் போர்டு அறிக்கையை அவர் ஒரு தடவைகூடப் படித்ததில்லை.

அவர் பணத்தைப் பிடுங்கப் பார்த்த கையும், அவர் பெயரில் அரசாங்கத்தை ஏமாற்றப் போன கையும் ஒன்றுதான். மாட்டினால் முதலில் நிற்கப் போவது அவர். ராணுவத்தில் கிளார்க் வேலை பார்த்த பழக்கத்தில் இப்படிப்பட்ட ஃபைல்களை ஊரில் நிறையப் பார்த்துவிட்டேன். பார்த்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மோசடி ஏன் இந்த இடத்தில் முளைக்கிறது

டிசபிலிட்டி பென்ஷன் என்பது உடல் குறைபாட்டுக்காக ராணுவத்தினருக்குத் தருவது. அதற்கு இரண்டு நிபந்தனை. ஒன்று, குறைபாடு ராணுவ சேவையால் வந்தது அல்லது சேவையால் மோசமானது என்று ஏற்கப்பட வேண்டும். இரண்டு, அது குறைந்தது 20 சதவீதமாவது இருக்க வேண்டும். சேவைக்குச் சம்பந்தமில்லை என்று போர்டு எழுதிவிட்டால் அதை எங்கள் வட்டாரத்தில் ஆங்கிலச் சுருக்கமாக ‘நானா’ (NANA) என்பார்கள். போர்டு முடிந்து வெளியே வருபவரிடம் முதலில் கேட்கும் கேள்வியே “நானா போட்டுட்டாங்களா?” என்பதுதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 100 சதவீதக் குறைபாட்டுக்கு, கடைசியாக வாங்கிய கணக்கில் எடுக்கும் சம்பளத்தில் 30 சதவீதம். சம்பளம் 40,000 என்றால் 12,000. அப்படியானால் 20 சதவீதக் குறைபாட்டுக்கு 2,400 வர வேண்டும். ஆனால் ‘பிராட் பேண்டிங்’ என்றொரு விதி உண்டு. 20 முதல் 50-க்குக் கீழே வரை உள்ளவர்களை 50 ஆகக் கணக்கிடுவார்கள். அதற்கு மேல் 75, பிறகு 100. முழுச் சேவை முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் இது உண்டு என்று ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பரில் சொல்லிவிட்டது. ஆக 20 சதவீதக்காரருக்கு மாதம் 6,000, அதன் மேல் அகவிலைப்படி. முழுச் சேவை முடித்து வந்த 19 சதவீதக்காரருக்கு ஒரு பைசா கிடையாது.

அந்த ஒரே ஒரு சதவீதத்தில்தான் ஏஜென்ட் குடியிருக்கிறான்.

இந்தக் கணக்கு எல்லாருக்கும் அப்படியே பொருந்தாது. மருத்துவக் காரணத்தால் பாதியிலேயே வெளியே அனுப்பப்பட்டவர்கள் நிலை வேறு. 2023 செப்டம்பர் 21 முதல் புதிய தகுதி விதிகள் வந்துவிட்டன. அதற்குப் பிறகு ஓய்வு பெற்றவர்கள் தங்கள் கணக்கை அந்த விதிகளை வைத்தே போட வேண்டும். யூடியூபில் யாரோ சொன்ன பழைய அட்டவணையை வைத்துப் போடக்கூடாது.

சுகர், பிபிக்கு எல்லாம் இவ்வளவு பேர் டிசபிலிட்டி வாங்குகிறார்களா என்று 2023-இல் வந்த தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை கேள்வி எழுப்பியதும் பலருக்கு நினைவிருக்கும். அந்தக் கேள்வியில் எனக்குப் பாதி உடன்பாடு. பனிமலையில் வருடக்கணக்கில் நின்றவனுக்கு வரும் பிபியும் வீட்டில் உட்கார்ந்து வரும் பிபியும் ஒன்றல்ல. ஆனால் பொய் ஃபைல் ஒவ்வொன்றும் உண்மையான ஃபைலின்மேலும் சந்தேகத்தைக் கொண்டுவருகிறது, அதையும் மறுக்க முடியாது.

முதல் படி: உங்கள் காகிதங்கள் உங்கள் கையில்

யாரிடமும் போவதற்கு முன்னால் இவை இருக்கின்றனவா பாருங்கள்: டிஸ்சார்ஜ் புக், பிபிஓ எனும் பென்ஷன் ஆணை, மெடிக்கல் போர்டு அறிக்கை, கோரிக்கையை நிராகரித்திருந்தால் அந்தக் கடிதம், காயம் என்றால் ஐஏஎஃப்ஒய்-2006 எனும் காய அறிக்கை, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டுகள். ஓய்வு பெறும்போது நடக்கும் போர்டின் படிவ எண் ஏஎஃப்எம்எஸ்எஃப்-16. பழைய டிரங்குப் பெட்டியில் தேடும்போது இந்த எண்ணை வைத்துத் தேடுங்கள்.

இல்லையென்றால் பதற வேண்டாம். போர்டு அறிக்கை உங்களிடம் மட்டும் இருக்கும் காகிதம் அல்ல. உங்கள் படைப்பிரிவின் ஆவணங்களை வைத்திருக்கும் ரிக்கார்டு ஆபீஸில் இருக்கிறது. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, ஆர்ட்டிலரி என்றால் நாசிக் ரோடு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், ஈஎம்இ என்றால் செகந்திராபாத். ஆர்மி நம்பர், ரேங்க், பெயர், ஓய்வு பெற்ற தேதி போட்டு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினால் போதும். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு. 30 நாளில் பதில் தர வேண்டும். தன் சொந்த மருத்துவ ஆவணத்தைக் கேட்க ஒருவருக்கு எந்த ஏஜென்ட்டும் தேவையில்லை.

“ரிக்கார்டில் ஆள் இருக்கு, 5,000 கொடுத்தா ஃபைல் வெளியே வரும்” என்று யாராவது சொன்னால், 10 ரூபாயில் வருவதை 5,000-க்கு விற்கிறான் என்று அர்த்தம்.

ஒரிஜினலை எவரிடமும் கொடுக்காதீர்கள். ஜெராக்ஸ் கொடுத்தாலும், எதற்காக, யாரிடம், எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று அதன் குறுக்கே பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். எழுத்தின் மேலேயே பேனா ஓடட்டும். வெற்று ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடுவார்கள்.

இரண்டாம் படி: போர்டு அறிக்கையை ஒரு மணி நேரம் உட்கார்ந்து படியுங்கள்

ஆங்கிலம் வராது என்றால் கல்லூரி போகும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் கையெழுத்துத்தான் சிரமம், படிவம் எளிமையானதே. நான்கு விஷயத்தைத் தனித்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். என்னென்ன குறைபாடு எழுதியிருக்கிறது, ஒவ்வொன்றும் எங்கே எப்போது தொடங்கியதாக இருக்கிறது, சேவையோடு தொடர்பு உண்டா இல்லையா என்று என்ன எழுதியிருக்கிறது, எத்தனை சதவீதம். ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு சதவீதம் தனியாகப் போட்டிருப்பார்கள். அது வெறும் கூட்டல் அல்ல, அதனால் கூட்டிப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

அதே படிவத்தில் உங்கள் சொந்த வாக்குமூலமும் இருக்கும். பணியில் சேர்வதற்கு முன்னால் இந்தத் தொல்லை இருந்ததா, எப்போது தொடங்கியது என்று கேட்டு, நீங்களே கையெழுத்துப் போட்டது. பலரும் அதை மறந்தே போயிருப்பார்கள். இன்றைக்கு மனுவில் எழுதும் கதை அன்றைக்கு நீங்கள் சொன்னதோடு இடிக்கக்கூடாது. ஏஜென்ட்டுகள் தயாராக வைத்திருக்கும் மனுக்களில் எல்லாரும் சியாச்சினில் இருந்திருப்பார்கள், எல்லாரும் பெட்ரோலிங்கில் வழுக்கி விழுந்திருப்பார்கள். உங்கள் டிஸ்சார்ஜ் புக்கில் சியாச்சினே இல்லை என்றால் அந்த மனு முதல் மேஜையிலேயே படுத்துவிடும். அதுகூடப் பரவாயில்லை, ஆனால் அந்தப் பொய்யின் அடியில் இருப்பது உங்கள் கையெழுத்து.

உண்மையைச் சொல்வதே பல நேரம் போதுமானது. பணியில் சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு எதுவும் இல்லை என்றால், அவர் நல்ல உடல்நிலையில் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். சேவைக்குச் சம்பந்தமில்லை என்று காட்டும் பொறுப்பு அரசின்மேல் இருக்கிறது. தரம்வீர் சிங் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. காரணமே எழுதாமல் ‘நானா’ போட்ட அறிக்கைகள் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் நிற்காமல் போனதற்கு இந்தத் தீர்ப்பு பெரிய காரணம். உங்கள் அறிக்கையில் காரணம் எழுதியிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். சதவீதத்தைத் திருத்துவதைவிட இந்த ஒரு வரி வலுவானது.

மூன்றாம் படி: எந்தச் சான்றிதழ் செல்லும், எது செல்லாது

இங்கேதான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். அரசு ஆஸ்பத்திரியில் மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கி, யுடிஐடி எனும் மாற்றுத்திறனாளி அடையாள கார்டும் எடுத்து, “40 சதவீதம்னு கவர்மென்டே கொடுத்திருக்கு, இதை வெச்சு பென்ஷன் வாங்கிடலாம்” என்பார்கள். யுடிஐடி 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்கீழ் வருவது. பஸ், ரயில் சலுகை, அரசுத் திட்டங்கள், இடஒதுக்கீடு எல்லாவற்றுக்கும் உதவும். டிசபிலிட்டி பென்ஷனை முடிவு செய்வது ராணுவ மெடிக்கல் போர்டு. வெளி டாக்டரின் அறிக்கையைத் துணை ஆவணமாக வைக்கலாம், போர்டுக்குப் பதிலாக வைக்க முடியாது.

ஆகவே பணத்துக்குச் சான்றிதழ் ‘செய்து தரும்’ ஆள் இரண்டு மடங்கு மோசம். சான்றிதழும் பொய், அது பயன்படவும் போவதில்லை. ஆனால் குற்றம் மட்டும் முழுதாக இருக்கும். பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏமாற்றுதல் பிரிவு 318, போலி ஆவணம் தயாரிப்பது 336, போலி என்று தெரிந்தே பயன்படுத்துவது 340. தயாரித்தவன் ஒருவன், பயன்படுத்தியவர் நீங்கள் என்று பிரித்துப் போடவும் சட்டத்தில் இடமிருக்கிறது.

காது கேட்காதது போலவோ, கால் மடங்காதது போலவோ நடிக்கச் சொல்லிக் கொடுப்பவர்களும் உண்டு. காதுக்கு, ஆள் சொல்வதை நம்பாமல் அளக்கும் கருவிகள் வந்து எத்தனையோ காலமாகிறது. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ராணுவ ஆஸ்பத்திரியில் மெடிக்கல் போர்டுக்குக் கட்டணம் கிடையாது. “ரீ-சர்வே போர்டுக்குப் பேர் வந்திருக்கு, 3,000 கட்டுங்க” என்று மறுபரிசோதனையின் பெயரில் வரும் அழைப்பை அப்போதே துண்டியுங்கள்.

நான்காம் படி: சரியான வாசலில் மனு

நிராகரிப்புக் கடிதம் வந்தால் ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கென ஒரு குழு இருக்கிறது. ரிக்கார்டு ஆபீஸ் வழியாக அனுப்ப வேண்டும். காலம் கடந்துவிட்டால் ஏன் தாமதம் என்று உள்ளதை எழுதிக் கேளுங்கள். அதுவும் போனால் இரண்டாம் மேல்முறையீடு. அப்புறம் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னை அமர்வு.

மனு எழுத முதலில் போக வேண்டிய இடம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். அங்கே எல்லா வேலையும் ஒரே நாளில் நடந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. இரண்டு மூன்று தடவை அலையத்தான் வேண்டியிருக்கும். ஆனால் அந்த அலைச்சல் இலவசம். இப்படிப்பட்ட சைனிக் போர்டு (படைவீரர் நல வாரிய) அலுவலகங்களில் சட்ட உதவி மையம் வைப்பதற்கு ‘வீர் பரிவார் சஹாயதா’ என்ற திட்டத்தை 2025 ஜூலையில் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடங்கியது. உங்கள் மாவட்டத்தில் வந்துவிட்டதா என்று கேட்டுப் பாருங்கள்.

வக்கீல் வைப்பதில் தப்பே இல்லை. நல்ல வக்கீல்கள் இருக்கிறார்கள். ஆனால் ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று வழக்கறிஞர் பேரம் பேசக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி. 2017-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஃபீஸ் எவ்வளவு என்று முதலிலேயே தொகையாகப் பேசி, ரசீது கேளுங்கள்.

அரியர் விஷயத்தில் ஒரு பெரிய பொய் சுற்றுகிறது. “20 வருட அரியர், 15 லட்சம் வரும்” என்பார்கள். தாமதமாகத் தீர்ப்பாயம் போனால், வழக்குப் போட்ட தேதிக்கு முந்தைய மூன்று வருடத்தோடு பல வழக்குகளில் அரியர் நின்றுவிட்டது. 2008-இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் அதற்கு அடிப்படை. 15 லட்சத்தைக் காட்டி அதில் 30 சதவீதத்துக்கு முன்பணம் வாங்குவதுதான் அங்கே நடப்பது.

ஐந்தாம் படி: கையெழுத்துப் போடும் முன்

‘வரப்போகும் பென்ஷனில் இவ்வளவு தருகிறேன்’ என்று எழுதிக் கொடுப்பது செல்லாது. 1871-ஆம் வருட ஓய்வூதியச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, இன்னும் கைக்கு வராத பென்ஷன் பணத்தின்மேல் போடும் ஒப்பந்தம், விற்பனை, உரிமை மாற்றம் எல்லாவற்றையும் செல்லாதவை என்கிறது. பிரிட்டிஷ் காலத்திலேயே பென்ஷன்காரர்களை வளைக்கும் வட்டிக்கடைக்காரர்கள் இருந்திருப்பார்கள் போலிருக்கிறது! இந்த ஒரு பிரிவைச் சொன்னதும் குரலைத் தாழ்த்திக்கொண்ட ஏஜென்ட்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் வெற்று செக் வேறு கதை. அதை வங்கியில் போட்டுத் திரும்பினால் செக் மோசடி வழக்கு என்று மிரட்டுவார்கள். அதனால் வெற்று செக், வெற்று வெள்ளைத்தாள், நிரப்பாத வக்காலத்து இவற்றில் எப்போதும் கையெழுத்துக் கூடாது.

“மேலே கொடுக்க வேண்டியிருக்கு” என்று கேட்கும் பணமும் ஆபத்து. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. வற்புறுத்தலில் கொடுத்திருந்தால் ஏழு நாளுக்குள் போலீசிலோ விசாரணை அமைப்பிலோ சொல்லிவிட்டால் தப்பிக்கலாம். ஏழு நாள் என்பதை மனதில் வையுங்கள்.

ஆறாம் படி: ஸ்பர்ஷும் கட்டைவிரலும்

இப்போது ராணுவ பென்ஷன் எல்லாம் ஸ்பர்ஷ் எனும் அரசு இணையதளத்தில். அதற்குள் போனால் உங்கள் வங்கிக் கணக்கு, மொபைல் நம்பர், வாழ்க்கைத் துணையின் விவரம் எல்லாம் கிடைக்கும். யூசர் பெயரும் பாஸ்வேர்டும் நெட் சென்டர்காரர் நோட்டில் எழுதி வைத்திருப்பது நம் ஊரில் சர்வ சாதாரணம். நான் பார்த்த ஒரு கடையில் அந்த நோட்டு மேஜைமேல் விரித்தபடியே கிடந்தது, மேலே பேப்பர் வெயிட்டாக ஒரு டீ கிளாஸ். உங்களுடையது அப்படி இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். பதிவு செய்த மொபைல் நம்பர் உங்களுடையதா, பேரன் வேலைக்குப் போனபோது கொண்டுபோன சிம்மா என்றும் பாருங்கள்.

“லைஃப் சர்ட்டிபிகேட் போடலை, பென்ஷன் நின்னுடும், ஓடிபி சொல்லுங்க” என்ற அழைப்பு நவம்பர் மாதம் வந்தால் வரிசையாக வரும். ஸ்பர்ஷ் ஆட்கள் ஓடிபி கேட்க மாட்டார்கள். சந்தேகம் இருந்தால் அந்த நம்பருக்குத் திரும்பக் கூப்பிடாமல், 1800-180-5325 என்ற இலவச எண்ணுக்கு நீங்களே பேசுங்கள். வாட்ஸப்பில் வரும் ‘ஸ்பர்ஷ் ஆப்’ ஃபைலைத் திறக்கவே வேண்டாம்.

ஜீவன் பிரமாண் எனும் டிஜிட்டல் லைஃப் சர்ட்டிபிகேட்டுக்காக வைக்கும் கைரேகையைக் கவனியுங்கள். ஆதார் வழியாகப் பணம் எடுக்கும் இயந்திரமும் அதே விரலைத்தான் கேட்கும். திரையில் என்ன தெரிகிறது என்று பார்த்த பிறகு விரலை வையுங்கள். “இன்னொரு தடவை வைங்க” என்றால் ஏன் என்று கேளுங்கள். வேலை முடிந்ததும் ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டிவிடலாம். வேண்டும்போது திறந்துகொள்வது இரண்டு நிமிட வேலை.

ஏழாம் படி: பணம் வந்த பிறகு

புதிய பிபிஓ வந்ததும் சதவீதம், தொடங்கும் தேதி, பிறந்த தேதி மூன்றையும் சரிபாருங்கள். அதிகமாக வந்தால் சும்மா இருந்துவிடலாம் என்று தோன்றும். எழுத்தில் தெரிவியுங்கள். அரசின் தவறால் கூடுதலாகப் போன பணத்தை ஓய்வு பெற்றவரிடம் திரும்பப் பிடிக்கக்கூடாது என்று ரஃபீக் மசீஹ் தீர்ப்பைக் காட்டுவார்கள். பொய்த் தகவல் கொடுத்து வாங்கிய பணத்துக்கு அந்தத் தீர்ப்பு குடை பிடிக்காது.

இன்னொன்று, சொல்லச் சங்கடமானது. பென்ஷன்தாரர் இறந்துவிட்டால் உடனே தெரிவிக்க வேண்டும். ஏடிஎம் கார்டு வீட்டில் இருக்கிறதே என்று இரண்டு மாதம் எடுத்துவிட்டு, அப்புறம் குடும்ப பென்ஷன் சிக்கலாகி அலையும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் திருடர்கள் அல்ல. ஆனால் கணக்கில் அது அப்படித்தான் தெரியும்.

ஏற்கெனவே சிக்கியிருந்தால்

ஆன்லைனில் பணம் போய்விட்டது என்றால் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு உடனே போன். பணம் கை மாறிப் போவதற்குள் சொன்னால் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் வங்கிக்கும் ஸ்பர்ஷுக்கும் எழுத்தில் புகார். உங்கள் பெயரில் திருத்திய ஆவணம் போயிருக்கிறது என்று தெரிந்தால், ஒளிக்காதீர்கள். ரிக்கார்டு ஆபீஸுக்கு ஸ்பீட் போஸ்ட்டில், இந்த ஆவணம் எனக்குத் தெரியாமல் திருத்தப்பட்டது, இந்த மனுவைத் திரும்பப் பெறுகிறேன் என்று தேதி போட்டு எழுதுங்கள். அனுப்பும் முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுவது நல்லது. அவர்கள் கண்டுபிடித்து நோட்டீஸ் அனுப்பியபின் எழுதும் கடிதத்துக்கு இந்த மதிப்பு இருக்காது.

திண்ணைக்கு வந்த நாயக்கின் மனு நல்லவேளையாக இன்னும் தபாலில் சேரவில்லை. மறுநாளே வங்கியில் மூன்று செக்குக்கும் ‘ஸ்டாப் பேமென்ட்’ எழுதிக் கொடுத்தோம். ஏஜென்ட்டுக்கு, ஓய்வூதியச் சட்டம் 12-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, என் பெயரில் எதையும் அனுப்ப உனக்கு அதிகாரமில்லை என்று பதிவுத்தபால். நாசிக் ரோடு ரிக்கார்டு ஆபீஸுக்கு, போர்டு அறிக்கை கேட்டு ஒரு கடிதம்.

ஐந்து வாரத்தில் அறிக்கை வந்தது. முழங்காலுக்கு உண்மையிலேயே 15 முதல் 19 சதவீதம்தான். அடுத்த வரியில், அந்த ஏஜென்ட் கண்ணில் படவே படாத இன்னொரு குறைபாடு இருந்தது: இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு, ‘நானா’. ஏன் நானா என்பதற்கு ஒரு வரிக் காரணம்கூட எழுதவில்லை. பதினேழு வருடம் பீரங்கி பக்கத்தில் நின்ற மனிதர். இரண்டையும் சேர்த்துப் போட்ட சதவீதம் 20-ஐத் தாண்டியிருந்தது.

“கேக்கலைன்னா வயசாயிடுச்சுன்னு நெனச்சேன் சார்” என்றார். நான் சொன்னதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஒரு வரியை வைத்து, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு, முதல் மேல்முறையீடு அனுப்பியிருக்கிறார். செலவு 62 ரூபாய், தபாலும் ஜெராக்ஸும் சேர்த்து.